நாற்பது கட்டைவிரல்கள்

ராஸ் தாஹெர், கெர்க்கென்னா தீவு, துனிசியா
7 அக்டோபர் 2012

அன்புள்ள ஷெத்லியா அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் சல்வா எழுதுவது. நீங்களும் திஜானி மாமாவும் நலமாக இருக்க அல்லாஹ் அருளட்டும். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி, அம்மாவுக்கு அப்பாவின் முட்டிவலியைப் பற்றிய பேச்சுவலி. மற்றபடி நலம். ஆக்டோபஸ் பருவம் தொடங்கிவிட்டது. மாடிக் கொடிகளில் அதைக் காயப்போட்டதில் துணிக்கு இடமில்லை.

என் பாடு கொண்டாட்டம்தான். புரட்சிக்குப் பிறகு மேல்நிலைப் பள்ளியில் குடிமையியல் பாடநூலில் பாதியை ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள், புதியது இன்னும் வரவில்லை. மற்ற ஆசிரியர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதிவிட்டேன். இதை எழுதியது யார்? யாருக்கு எழுதினார்? எதற்காக? எதைச் சொல்லாமல் விட்டார்? இனி என் வகுப்பில் பாடநூல் கிடையாது, பழைய தாள்கள் மட்டும்தான்.

முதல் தாள் எது தெரியுமா? நம் ஊர் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறதே, அந்த மனுதான். 1958 மார்ச்சில், எங்கள் பெண்களுக்கும் வகுப்பு வேண்டும் என்று நாற்பது தகப்பன்மார் வலது கட்டைவிரல் ரேகை வைத்து அனுப்பி, அனுமதியோடு திரும்பி வந்தது. நாற்பதாவது வரிசையில் ஊருக்கே தலைவராக, உம்தாவாக இருந்த தாத்தாவின் பெயர், பக்கத்தில் 'மகள் ஷெத்லியா'. உங்களுக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள்.

கைகளை முத்தமிட்டு,
சல்வா

மார்செய், பிரான்ஸ்
28 அக்டோபர் 2012

என் செல்லம் சல்வாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தொலைபேசியில் மூன்று முறை கேட்க முடியுமா? அதனால்தான் எழுது, எழுது என்கிறேன். நாங்கள் நலம். உன் மாமா பால்கனியில் மிளகாய்ச் செடிகளுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார், அவை அவரை மதிப்பதில்லை. குளிர்காற்று தொடங்கிவிட்டது. சின்ன வயதில் சிப்பி உடைத்தபோது கட்டைவிரலில் வெட்டுப்பட்டதே, அந்த இடம் குளிரில் விண்விண்ணென்று தெறிக்கிறது.

மனுவைப் பற்றிக் கேட்டாய். எனக்குப் பதினோரு வயது, எனக்கென்ன தெரியும்? பெரியவர்கள் விஷயம். அந்தச் சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றாதே, கண்ணாடி பழசு, உடைந்துவிடும். நாடே புதிதாக அரசியல் சாசனம் எழுதிக்கொண்டிருக்கிறதே, அதை வைத்துப் பாடம் நடத்தக் கூடாதா?

காய்ந்த ஆக்டோபஸ் கொஞ்சம் யாரிடமாவது கொடுத்தனுப்பு. உன் அப்பாவை முட்டிக்கு எண்ணெய் தடவச் சொல்.

உன் அத்தை,
ஷெத்லியா

ராஸ் தாஹெர்
18 நவம்பர் 2012

அன்புள்ள அத்தைக்கு,

விரல் வலி தணிந்ததா? ஆக்டோபஸை என் மாணவன் பெஷீரின் சித்தப்பா கொண்டுவருகிறார். வாசனைக்குக் கப்பலில் அவரைத் தனியாக உட்கார வைத்தால் நான் பொறுப்பில்லை.

சட்டத்தைக் கழற்றிவிட்டோம் அத்தை. கண்ணாடி உடையவில்லை. முதலில் நகல்தான் கொடுத்தேன். ரீம் என்று ஒரு பெண், எதற்கும் சட்டென்று ஒப்புக்கொள்ளாதவள், கையைத் தூக்கினாள். "மேடம், நகல்ல எல்லாமே கறுப்பாத்தான் இருக்கு. மை என்ன நிறம்னு தெரியாம யார் எழுதினதுன்னு எப்படிச் சொல்றது? அசலைக் காட்டுங்க."

தலைமையாசிரியர் ஸி முக்தாரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். மேசையில் வைத்ததுதான் தாமதம், முப்பது தலைகள் கவிழ்ந்தன. தாத்தாவின் முத்திரை ஊதா மையில் இருக்கிறது. ரேகைகள் நாற்பதும் பழுப்பு! பெஷீர் தன் சட்டைக் கையைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். "இது எங்க அம்மா எத்தனை தடவை தொவைச்சும் போகாத கறை மேடம். கணவாய் மை." வகுப்பே கைதட்டியது. முத்திரை மை வீட்டில் இருக்கும்போது உம்தா ஏன் கணவாய் மையைப் பயன்படுத்தினார்? யாருக்கும் தெரியவில்லை. இருபது வருடத்தில் நான் நடத்திய வகுப்புகளில் மணி அடித்தும் யாரும் எழுந்து போகாதது இதுதான்.

உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

சல்வா

மார்செய்
9 டிசம்பர் 2012

சல்வாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருங்கள். ஆக்டோபஸ் வந்தது. அந்தச் சித்தப்பா பாவம், இரண்டு தடவை கை கழுவினார்.

கணவாய் பற்றி எழுதியிருந்தாய். இங்கே கணவாய் நன்றாக இல்லை, எல்லாம் பனிக்கட்டியில் வைத்தது. அங்கே நல்லதாகக் கிடைத்தால் தக்காளியோடு போடாதே, வெங்காயமும் ஹரிசா மிளகாய் விழுதும் போதும். சிறு தீயில் வை.

உன் மாமா சலாம் சொன்னார். மிளகாய் காய்த்துவிட்டது, பெருமை தாங்கவில்லை.

ஷெத்லியா

ராஸ் தாஹெர்
13 ஜனவரி 2013

அன்புள்ள அத்தைக்கு,

புத்தாண்டு நல்லபடி பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். சமையல் குறிப்புக்கு நன்றி. நான் கேட்டது வேறு.

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன். ரீம் வீட்டிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்தாள். நாற்பது ரேகைகளிலும் குறுக்கே ஒரே கோடு. ஒரே இடத்தில், ஒரே சாய்வில், வெட்டுப்பட்ட வடு. நாற்பது தகப்பன்மார் இல்லை அத்தை. நாற்பது ரேகையும் ஒரே விரல்.

"அப்ப உம்தாதான் மேடம்" என்றான் பெஷீர். "தாள் அவர் வீட்டுல, முத்திரை அவரோடது. உக்காந்த இடத்துலேயே நாற்பதையும் குத்திட்டார். திருட்டு மனு." எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் என் தாத்தா என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஆதாரத்தை மறுக்க ஆதாரம் இல்லாமல் நான் வாயைத் திறக்கக் கூடாது, அதுதானே நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஊரில் பேச்சு பரவிவிட்டது. மே பத்தொன்பதாம் தேதி பெண்கள் வகுப்பின் ஐம்பத்தைந்தாம் ஆண்டு விழா, நாற்பது பெயர்களோடு பளிங்குப் பலகை திறக்கப் போகிறார்கள். ஸி முக்தார் தலையைப் பிடித்துக்கொண்டார். "உன் பிள்ளைங்க ஜூன் மாசம் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதாம்மா?" அப்பா காப்பிக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "எங்கப்பா பொய் முத்திரை வைக்கிற ஆள் இல்ல" என்று சுவரிடம் சொல்கிறார். தாத்தாவின் பெயர் இப்படிக் கெடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. உடம்பை மட்டும் விசாரிக்கிறேன். உங்கள் கட்டைவிரல் எப்படி இருக்கிறது?

சல்வா

ராஸ் தாஹெர்
17 பிப்ரவரி 2013

அன்புள்ள அத்தைக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையாட்டுகிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு வரி போதும். மிளகாயைப் பற்றி எழுதினாலும் சந்தோஷம்தான்.

சல்வா

மார்செய்
24 பிப்ரவரி 2013

சல்வாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான்.

என் அப்பாவைத் திருடன் என்று சொல்ல உன் வகுப்புப் பொடியன்களுக்கு என்ன துணிச்சல்! அந்த மனிதர் அடுத்தவர் கடலில் கட்டிய மீன்பிடி வேலியிலிருந்து ஒரு மீனைத் தொட்டதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கிறதாம், கண் இருக்கிறதா? வளர்ந்த ஆண்பிள்ளையின், அதுவும் ஆறடி மனிதரின் கட்டைவிரல் அவ்வளவு சின்னதாகவா இருக்கும்? யாராவது அளந்து பார்த்தீர்களா? அளந்துவிட்டு வாயைத் திறக்கச் சொல். நீயும் ஒரு ஆசிரியை!

தம்பியைக் காப்பிக் கடைக்குப் போகச் சொல். தலைநிமிர்ந்து போகச் சொல்.

ஷெத்லியா

ராஸ் தாஹெர்
10 மார்ச் 2013

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் திட்டியதைப் படித்து நிம்மதியாக மூச்சுவிட்டேன். திட்டுகிற அத்தை நலமாகத்தான் இருக்கிறார்.

அளந்தோம். நவ்ரஸ் என்று ஒரு ஒல்லிக்குச்சி, வகுப்பிலேயே சின்னக் கை அவளுடையது. தன் விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னோடதை விடச் சின்னது மேடம். இது குழந்தையோட விரல்" என்றாள். பெஷீர் எழுந்து நின்று உம்தாவிடம் மன்னிப்புக் கேட்டான், கூரையைப் பார்த்து. அப்பா அன்று சாயங்காலமே கடைக்குப் போய் இரண்டு காப்பி குடித்தார்.

இன்னும் கேளுங்கள். நாற்பது தகப்பன்மாரில் இன்று உயிரோடிருப்பவர் கலீஃபா தாத்தா ஒருவர்தான், எண்பத்தாறு வயது. சாட்சி விசாரிக்க வகுப்பே போனோம். "வெச்சேனே! நேத்து நடந்த மாதிரி இருக்கு. உங்க தாத்தா வீட்டு வாசல்ல, ஊதா மையில, இப்படி அழுத்தி வெச்சேன்" என்று காற்றில் அழுத்திக் காட்டினார். ரீம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, உங்க வலது கட்டைவிரல் எங்கே?" "அதுவா? ஐம்பத்தஞ்சுல பாய்மரக் கயித்துல மாட்டிப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி தன் கையைப் பார்த்தார். மனு ஐம்பத்தெட்டில்! பிறகு சிரித்தார் பாருங்கள் அத்தை, பல்செட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "இல்லாத விரலுக்கு யாரோ ரேகை வெச்சிருக்காங்க. வெச்ச கை நல்லா இருக்கட்டும். என் மூணு பொண்ணும் அதுலதான் படிச்சாங்க."

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை நான்கு கேள்விகளோடு படித்தேன், பழக்கதோஷம். ரேகைகள் சின்னவை என்று நான் உங்களுக்கு எழுதவே இல்லையே அத்தை. அளப்பதற்கு முன்னால் எனக்கே தெரியாது. அந்தத் தாளை நீங்கள் பார்த்து ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. நீங்கள் சொல்லாமல் சொல்லமாட்டேன்.

சல்வா

மார்செய்
31 மார்ச் 2013

என் கண்ணே சல்வா,

மூன்று நாள் எழுதினேன், இரண்டு முறை கிழித்தேன். உன் மாமாவுக்கே போன வாரம்தான் சொன்னேன். நாற்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்த மனிதர், "அதனாலதான் நம்ம வீட்டுல எல்லாப் படிவத்துலயும் நீயே கையெழுத்துப் போடறியா?" என்று கேட்டுவிட்டு மிளகாய்க்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

நாற்பது தகப்பன்மார் சம்மதித்தால் பெண்களுக்கு வகுப்பு என்று மேலிடத்தில் சொன்னார்கள். பையன்களின் வாத்தியார் பெயர்களை எழுதி, ரேகை வாங்கச் சொல்லி அப்பாவிடம் தாளைக் கொடுத்தார். அப்பா கேட்காமல் இல்லை. கடற்கரையில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை சல்வா. நாளைக்கு என்றார்கள். இன்றைக்குக் கை ஈரம், இன்றைக்கு வலை கிழிந்திருக்கிறது, நாளைக்கு. நாற்பது பேர் நாளைக்கு, நாளைக்கு என்றால் நான் கிழவியாகிவிடுவேன் என்று எனக்குப் பயம் வந்தது. தாள் வெள்ளிக்கிழமைப் படகில் அக்கரையிலுள்ள ஸ்பாக்ஸ் நகரத்துக்குப் போக வேண்டும். வியாழன் மத்தியானம் அது வெறுமையாகக் கிடந்தது. என் அப்பாவின் ரேகைகூட இல்லை. மற்றவர்கள் வைத்தால் நானும் வைக்கிறேன் என்று அவரும் காத்திருந்தார்.

அம்மா முற்றத்தில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். முத்திரை மை பெட்டிக்குள், பெட்டிக்குப் பூட்டு. நான் கணவாயின் மைப்பையைக் கிண்ணத்தில் பிழிந்துகொண்டு உள்ளே போனேன். முதல் ரேகைக்கு முன்னால் மூன்று முறை வாசலை எட்டிப் பார்த்தேன். பத்துக்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. முப்பதுக்கு மேல் பாடிக்கொண்டே வைத்தேன். கலீஃபாவுக்கு விரல் இல்லை என்பது எனக்கு எங்கே நினைவிருந்தது! அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

அப்பா சாப்பிட வந்தார். தாளைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். என்னைக் கொன்றுபோடுவார் என்று நினைத்தேன். "போய்க் கையைக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் முத்திரையைக் குத்தி அனுப்பினார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முத்திரை அவருடையதுதான். ரேகை என்னுடையது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அனுமதி வந்ததும் ஒவ்வொருவரும், மற்ற முப்பத்தொன்பது பேரும் வைத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும், மரியாதை போகக் கூடாதென்று உம்தாவே வைத்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் தான் ஒருவன்தான் பின்தங்கியவன் என்றாகிவிடும். அதனால் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "நானும் வெச்சேன்" என்றார்கள். அப்படிச் சொல்லிவிட்டு மகளை வீட்டில் வைத்திருக்க முடியுமா? அனுப்பினார்கள். அக்டோபரில் முப்பத்தேழு பெண்கள் வந்து உட்கார்ந்தோம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் பள்ளியைத் தவிர்த்துக் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போவேன், கவனித்திருக்கிறாயா? வெட்கம். அந்தத் தகப்பன்மாரின் பெருமையை என் ஒரு விரலால் எடுத்துவிடுவேனோ என்ற பயம்.

வகுப்பில் படித்துக் காட்டு. நான்கு கேள்வியையும் கேட்கட்டும். இனி சொல்லாமல் விட்டது ஒன்றுமில்லை.

உன் அத்தை,
ஷெத்லியா

ராஸ் தாஹெர்
21 ஏப்ரல் 2013

என் உயிரான அத்தைக்கு,

படித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது தாளை ரீமிடம் நீட்டிவிட்டேன், மீதியை அவள்தான் படித்தாள். "சோறு ஆறுது" என்ற இடத்தில் பெஷீர் மேசைக்கு அடியில் எதையோ தேடினான், கண்ணைத் துடைக்கத்தான்.

பிறகு பிடித்தது சண்டை. மூன்று வகுப்பு நேரம்! மனு செல்லுமா, செல்லாதா? "பொய்த் தாள் மேடம். நல்லதுக்குப் பண்ணினாலும் பொய்தான். இன்னிக்கு யாராவது நம்ம பேருக்கு இப்படி வெச்சா விடுவோமா?" என்றாள் ரீம். "அப்ப பள்ளிக்கூடத்தை இடிச்சிடலாமா?" என்றான் பெஷீர். நவ்ரஸ்தான் மெதுவாகச் சொன்னாள். "சம்மதம் வாங்காதது தப்புன்னா, இப்பப் போய் வாங்கலாமே. அத்தனை குடும்பமும் இங்கதானே இருக்கு." வாக்கெடுப்பு நடந்தது, எதிர்த்து ஒருவர்கூட இல்லை.

அதே வாசகம், அதே நாற்பது வரிசை, புதுத் தாள். பிள்ளைகள் மூன்று மூன்று பேராகக் கிண்ணத்தில் கணவாய் மையோடு வீடு வீடாகப் போனார்கள். எல்லா வீட்டிலும் உங்கள் கடிதத்தை முதலில் படித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும் என்பது ரீம் போட்ட சட்டம். எனக்குப் பயமாக இருந்தது அத்தை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், உண்மைதான். மறுநாள் அந்த வீட்டு அம்மாவே பள்ளிக்கு வந்து, "எங்கப்பா வெக்காததை நான் வெக்கிறேன், எங்கே அந்தத் தாள்?" என்று கேட்டுவாங்கி வைத்தார். கலீஃபா தாத்தா இடது விரலை வைத்துவிட்டு, "இந்தத் தடவை சாட்சிக்கு ஆள் இருக்கு" என்றார். யாரும் நாளைக்கு என்று சொல்லவில்லை.

ஸி முக்தார் பளிங்குப் பலகையை மாற்றவில்லை. இரண்டு தாள்களையும் அதற்கு இரண்டு பக்கமும் மாட்டப் போகிறார். "ரெண்டையும் படிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்கிறார். ஜனவரியில் தலையைப் பிடித்துக்கொண்டவர் இவர்தான்.

முப்பத்தொன்பது ரேகைகள் வந்துவிட்டன. நாற்பதாவது வரிசை காலி. 'உம்தா, மகள் ஷெத்லியா.' கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது எங்கக்கா இடம். நான் தொடமாட்டேன்."

விழா மே பத்தொன்பது. தாள் காத்திருக்கிறது.

கண்ணீரும் சிரிப்புமாக,
சல்வா

மார்செய்
5 மே 2013

என் செல்லம் சல்வாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக என் தம்பி. அந்தக் கட்டின கையை நான் வந்து அவிழ்க்கிறேன்.

தபாலில் வைத்து அனுப்பலாமே என்றார் உன் மாமா. தபாலில் வந்த ரேகையை உன் ரீம் ஒப்புக்கொள்வாளா? வைத்ததை யார் பார்த்தது என்று கேட்பாள். அவள் கேட்பதும் சரி. அதனால் நேரிலேயே வருகிறேன். பதினைந்தாம் தேதி கப்பல். ஸ்பாக்ஸிலிருந்து கடைசிப் படகைப் பிடித்துவிடுவோம், மாமாவும் இரண்டு மிளகாய்த் தொட்டிகளும் உட்பட. இறங்கியதும் கடற்கரைப் பக்கமாகச் சுற்றமாட்டேன். பள்ளிக்கூட வாசல் வழியாகவே வீட்டுக்கு வருவேன்.

நல்ல கணவாயாகப் பார்த்து எடுத்து வை, பனிக்கட்டியில் வைத்தது வேண்டாம். மையைக் கிண்ணத்தில் பிழிந்துவிட்டு மீதியை வெங்காயமும் ஹரிசாவும் போட்டுச் சமைத்துவிடு. கிண்ணம் சின்னது போதும்.

இந்தத் தடவை ஒரே ஒரு ரேகைதான். வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட வருகிறேன்.

உன் அத்தை,
ஷெத்லியா